செல்லியம்மன் சொன்ன கம்ப்யூட்டர்

எதிர்வீட்டுச் சுப்பராயலு கம்ப்யூட்டர் வாங்காமல் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இத்தனை கூத்தும் நடந்திருக்காது. தொண்ணூற்றேழாம் வருஷம், மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயில். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவின் முதல் கம்ப்யூட்டர் அவர் வீட்டில்தான் வந்து இறங்கியது. நடுக்கூடத்தில் வைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, சிவப்பு வெல்வெட் துணி போட்டு மூடிவிட்டார்கள். யாராவது வந்தால் துணியை எடுப்பார்கள், காட்டுவார்கள், மறுபடி மூடுவார்கள். அதற்குமேல் அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதைப் பார்த்துவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பெயர் ஏகநாதன். ஏரித் தண்ணீரில் நெல் விளைத்த குடும்பம். வயலெல்லாம் மனையாகிப் போன பிறகு செங்கல், மணல், ஜல்லி வியாபாரம், சொந்த லாரி. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் இல்லாத ஒன்று எதிர்வீட்டில் இருக்கலாமா?

“நம்ம வூட்லயும் ஒண்ணு வாங்கிடணும் தனம்,” என்றார். தனக்கோடி என்ற என் முழுப் பெயரை அவர் கோபம் வந்தால்தான் சொல்வார்.

“வாங்கி இன்னா பண்ணப்போறோம்?” என்றேன்.

“அத வாங்கினப்பறம் பாத்துக்கலாம்.”

எங்கள் வீட்டு ஆண்களின் லட்சணம் இதுதான். ஆனால் வாங்கி என்ன செய்வது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் யாரும் கேட்கவில்லை.

நான் படப்பைப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்திலிருந்த இன்ஸ்டிட்யூட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வந்து தமிழ் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். லோயர், ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. அந்த மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வந்த சந்தோஷம், சத்தியமாகச் சொல்கிறேன், நகைக்கடைக்குப் போனால்கூட வந்ததில்லை. வேலைக்கு மனு போட இருந்த சமயத்தில் கல்யாணம் கூடிவிட்டது. மிஷின் நின்றுபோனது, விரல் நிற்கவில்லை. பால் பொங்கக் காத்திருக்கும்போது இடது கை அடுப்பு மேடையில் தானாக, டைப்பில் முதல் பாடமான ‘யளனக, யளனக’ என்று தட்டும். கோபம் வந்தால் இரண்டு கையும் தட்டும். என் வாயிலிருந்து வெளியே வராத வசவெல்லாம் அந்த மேடைக்குத் தெரியும்.

என்னோடு டைப் படித்த வேதசிரோமணி சேலையூரில் அச்சகம் வைத்திருக்கிறாள். அந்தச் சமயத்தில் கோயில் நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கப் போனபோது அவளிடம் ஒரு மேக் கம்ப்யூட்டர் இருந்தது. “உக்காந்து அடிச்சுப் பாருடி,” என்றாள். பட்டன்களில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நான் அதைப் பார்க்கவே இல்லை. பழைய இடத்தில் பழைய விரலை வைத்து அழுத்தினேன். திரையில் தமிழ் வந்தது! அதே யளனக, அதே வரிசை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேதா சிரித்தாள். “புதுசு ஒண்ணு எடுக்கப்போறேன் தனம். இதை உனக்குன்னா சந்தோஷமாக் குடுப்பேன். ஆனா இன்னொருத்தரும் கேட்டுட்டிருக்கார். வர்ற வெள்ளிக்கிழமை சாயந்தரம் வரைக்கும்தான் அவரை நிறுத்தி வைக்க முடியும்.”

அன்றைக்கே வீட்டில் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன்.

“பழசா?” என்றார் வீட்டுக்காரர். “சுப்பராயலு புச்சு வாங்கிக்கிறான். நான் பழச வாங்கியாந்தா தெருவுல தல நிமிர முடியுமா?”

“அண்ணி, மேக்கெல்லாம் பிரெஸ்ஸு வச்சிக்கிறவங்களுக்கு,” என்றான் சம்பந்தம். என் கொழுந்தன். வீட்டின் பின்கட்டில் மனைவியோடு இருக்கிறான். குரோம்பேட்டையில் மின்சாமான் கடை வேலை. அதனால் ஒயர் தொங்குகிற எதற்கும் தான்தான் டாக்டர் என்று நினைப்பு. “வூட்டுக்குன்னா விண்டோஸ் நைன்ட்டி ஃபைவ்தான். படம் வரும், பாட்டு வரும், அப்டியே வானம், மேகம்லாம் வரும்.”

“வானத்தைப் பார்க்கறதுக்கு மொட்டைமாடி போறாதா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மாடியில் குடியிருக்கும் தோத்தாத்ரி சார். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்து ரிடையர் ஆனவர். “டாஸ்தான் ஸ்வாமி கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாம கட்டளை போடணும், அது கேக்கணும். எலியைப் பிடிச்சுண்டு அம்பால குத்தறதெல்லாம் கொழந்தைகள் விளையாட்டு.”

“சார், இப்ப எவன் சார் டாஸ் போடுறான்? கட்டளைய மறந்துட்டா இன்னா பண்றது?”

“மறக்காம இருக்கறது!”

அவ்வளவுதான், மேக் போன இடம் தெரியவில்லை. இருவரும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வாசலில் மோதினார்கள். என் வீட்டுக்காரர் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்களுக்குத் தலையாட்டினார். நான் நடுவில் ஒருநாள், “தமிழ் வருமான்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சம்பந்தம், “காபி கீதா அண்ணி?” என்றான். உள்ளே போய் அடுப்பு மேடையைத் தட்டு தட்டென்று தட்டினேன்.

கடைசியில் வீட்டுக்காரருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. “ஒரே பேஜாரா கீது. செல்லியம்மா கிட்ட பூ கேட்டுடலாம்,” என்றார்.

ஏரிக்கரைச் செல்லியம்மனிடம் பூ கேட்காமல் எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. பூசாரி துலுக்காணம் இரண்டு பூவை நனைத்து அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டிவைப்பார். நாம் கேட்கவேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் செய், இடப்பக்கம் விழுந்தால் செய்யாதே. கேட்கிறவள் வீட்டின் மூத்த மருமகள்தான். விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு போகவேண்டும். குளித்ததிலிருந்து, பூ வாங்கிவந்து வீட்டில் விளக்கு ஏற்றுகிறவரை வாய் திறக்கக்கூடாது. கேள்வியை மனசுக்குள்தான் கேட்கவேண்டும், உதடு அசைந்தால் செல்லாது. அம்மன் வாக்குக் கொடுத்துவிட்டால் அதை மீறக்கூடாது. போர் போட்டது, லாரி வாங்கியது, சம்பந்தத்துக்குப் பெண் எடுத்தது, எல்லாம் நான் ஈரப்புடவையோடு நின்று வாங்கிவந்த பூதான்.

செவ்வாய்க்கிழமை காலை போனோம். தோத்தாத்ரி சாரும் வந்தார். “எங்க பெருமாள் திருநீர்மலைல சயனிச்சுண்டிருக்கார். இதுக்கெல்லாம் அவரை எழுப்பப்படாது. நீங்க கேளுங்கோ, நான் பார்க்கறேன்,” என்று தள்ளி நின்றுகொண்டார். வீட்டுக்காரர் என் காதருகே வந்து, “மொதல்ல விண்டோஸ் வாங்கலாமான்னு கேளு. அம்மா வேணான்னுட்டா, அப்பால டாஸ் கேளு,” என்றார். நான் வாய் திறக்க முடியாதே, தலையை ஆட்டினேன்.

துலுக்காணம் பூ வைத்தார். கற்பூரம் எரிந்தது. கையைக் கூப்பிக்கொண்டு அம்மன் முகத்தைப் பார்த்தேன். ‘விண்டோஸ்’ என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு வந்ததே ஆத்திரம்! யாருக்கு வேண்டும் விண்டோஸ்? யாருக்கு வேண்டும் டாஸ்? இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மற்றவர்கள் கேள்வியைத்தான் உன்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒரே ஒரு தடவை என் கேள்வியைக் கேட்கிறேன் தாயே. வேதா வீட்டு மேக்கை நான் வாங்கலாமா?

கேட்டு முடிக்கவில்லை, பொத்தென்று வலப்பக்கப் பூ விழுந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷத்தில் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் எனக்கு முன்னால் சம்பந்தம் கத்திவிட்டான். “வுழுந்துச்சு! வுழுந்துச்சு! விண்டோஸ்தான்! அம்மாவே சொல்ட்டா!”

ஐயையோ என்று ஆகிவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லையே! கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். “பாரு, அண்ணிக்கே தலகால் புரியல,” என்றான் அவன். வீட்டுக்காரர் தேங்காயை உடைத்தார். தோத்தாத்ரி சார், “உங்க அம்மனுக்கு டாஸ் பரிச்சயமில்லை போலிருக்கு,” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நான் வீட்டுக்கு ஓடிவந்து விளக்கேற்றி வாய் திறப்பதற்குள், கோயில் வாசலிலிருந்தே அண்ணனும் தம்பியும் லாரியில், கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

விளக்கைப் பார்த்துச் சொன்னேன்: “வாக்குக் குடுத்தது நீ. நீயே பாத்துக்க.” வேறென்ன செய்வேன்? நடந்ததை இவர்களிடம் சொன்னால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மேக் போய்விடும். விரல்கள் மேடையில் ஓடிக்கொண்டே இருந்தன.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. சம்பந்தத்துக்குத் தெரிந்தவர் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தது. நல்ல மிஷின்தான், குறை சொல்லக்கூடாது. வானம் வந்தது, மேகம் வந்தது. சம்பந்தம் ஏதோ விளையாட்டுப் பிளாப்பியைப் போட்டு நாள் முழுக்கத் திரையில் கார் ஓட்டினான். நான் ஓரமாகப் போய், “தமிழ்?” என்றேன். “அதெல்லாம் அப்பால பாக்கலாம் அண்ணி, இப்ப வளைவு வருது,” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துப் பூஜை. வீட்டுக்காரர் வெல்வெட் துணி வாங்கியிருந்தார், சுப்பராயலு வீட்டுத் துணியைவிடப் பெரியது. சுப்பராயலுவையும் அழைத்து முன்னால் உட்காரவைத்தார். கற்பூரம் காட்டி, துணியை எடுத்து, சம்பந்தம் ஸ்விட்ச் போட்டான்.

கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. அப்படியே நின்றது. வானமும் இல்லை, மேகமும் இல்லை.

தோத்தாத்ரி சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “சிஸ்டமே இல்லைங்கறதே!”

சம்பந்தம் நிறுத்திப் போட்டான். அதே இரண்டு வரி. மறுபடி போட்டான். அதேதான். சுப்பராயலு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எங்க வூட்ல இப்டி ஆனதில்லபா,” என்றார். அதைவிட என் வீட்டுக்காரரை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “அம்மா வாக்கு குடுத்தது எப்டி நிக்கும்? நிக்காதே!” என்று முனகினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். “தனக்கோடி, நீ மனச ஒழுங்கா வச்சிகினுதான கேட்டே?”

முழுப் பெயர்! அதுவும் சுப்பராயலு எதிரில்! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“ஒழுங்காத்தான் கேட்டேன்! அம்மாவும் ஒழுங்காத்தான் சொன்னா! ஆனா இத வாங்கச் சொல்லல. நான் இத கேக்கவே இல்ல!”

வீட்டுக்காரர் கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப இன்னா கேட்டே?” என்றார்.

“வேதா வூட்டு மேக்க வாங்கலாமான்னு கேட்டேன். கேட்டு முடிக்கல, சட்டுனு வலப்பக்கம் குடுத்தா. நான் டைப்பு படிச்சவ. எனக்குத் தமிழ் அடிக்கணும். சோறு போட்டுகினே சொன்னேன், காதுல வாங்கினீங்களா? அவகிட்ட சொன்னேன், அவ வாங்கினா!”

இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. சட்டென்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அம்மா ஒண்ணு சொல்லிக்கிறா. நாம வேற ஒண்ண வாங்கியாந்து வச்சிகினு கீறோம். நிக்காம இன்னா பண்ணும்? டேய் சம்பந்தம், லாரிய எடுடா!”

எங்கள் லாரியில் நான் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. செங்கல் தூசியைப் பெருக்கிவிட்டு, பின்னால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு போட்டோம். முன்னால் சம்பந்தம் ஓட்ட, நடுவில் வீட்டுக்காரர், ஜன்னலோரம் நான். செம்பாக்கம் தாண்டி, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, தலைமுடி பறக்கப் பறக்கப் போனோம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “எதுக்கு சிரிக்கிறே? அம்மா இன்னா கோவத்துல கீறாளோ,” என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சேலையூரில் வேதா அச்சக வாசலில் எங்களைப் பார்த்து அசந்துபோனாள்.

“அந்தாளு வந்துட்டாராம்மா?” என்றார் இவர், இறங்குவதற்கு முன்னாலேயே.

“சாயந்தரம்தான் வருவார். என்ன விஷயம்?”

“எங்க அம்மன் சொல்ட்டாங்கம்மா. இத எங்க வூட்டுக்குத்தான் தரணும்.”

வேதா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைச் சிமிட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, “அம்மன் சொன்னப்புறம் நான் யாருங்க தடுக்கறதுக்கு?” என்றாள். தானே மெத்தைமேல் உட்கார்ந்து மேக்கை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாள்.

வீட்டில் யாரும் கலைந்து போகவில்லை. சுப்பராயலுகூட இருந்தார். வேடிக்கையை விட்டுப் போக மனசு வருமா? வேதா கூடத்துக்குள் வந்ததும் அந்த நின்றுபோன மிஷினைப் பார்த்தாள். திரையில் இருந்த இரண்டு வரியைப் படித்தாள். குனிந்து முன்னால் ஒரு பட்டனை அழுத்தினாள். டக்கென்று சம்பந்தத்தின் கார் பிளாப்பி வெளியே வந்தது.

“இதை உள்ளேயே விட்டுட்டு நிறுத்தியிருக்கீங்க. அது பாவம், இதுலேருந்து கிளம்பப் பாத்திருக்கு,” என்றாள். மறுபடி ஸ்விட்ச் போட்டாள். வானம் வந்தது. மேகம் வந்தது.

எல்லோரும் சம்பந்தத்தைப் பார்த்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான். பாவி வேதா, கொஞ்சம் பொறுத்துச் செய்திருக்கக்கூடாதா? இது அம்மன் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பிளாப்பி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது என் வீட்டுக்காரர், ‘அதான் ஓடுதே, அப்பறம் எதுக்கு இது?’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேக் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும்.

அவர் மேகங்களை ஒரு தடவை பார்த்தார். மேக்கை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். என் விரல்கள் புடவை மடிப்பின் மேல் தாமாகவே யளனக போட்டுக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கவனித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

“சம்பந்தம்,” என்றார், “அத்த தூக்கினு போய் உன் பின்கட்டுல வச்சிக்க. கூடத்துல இது இருக்கட்டும். அம்மா சொன்னது இதுதான்.”

சம்பந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. தூக்குவதற்கு முன்னால் தோத்தாத்ரி சார் எதையோ குத்திப் பார்த்தார். வானத்தின் நடுவில் சின்னதாக ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தது, அதில் வெள்ளை எழுத்து. “உள்ளே டாஸ் இருக்கே ஸ்வாமி!” என்று கூவினார். அன்றிலிருந்து இருவருக்கும் சண்டையே இல்லை. சம்பந்தம் வேலைக்குப் போகிற நேரம் அவர் கட்டளை போடுவார். சாயங்காலம் இவன் கார் ஓட்டுவான்.

மேக்கை மேஜைமேல் வைத்தோம். ஸ்விட்ச் போட்டதும் மணி அடித்ததுபோல் ஒரு சத்தம், திரையில் சின்னதாகச் சிரித்த முகம். “இன்னாடா இது, நம்மளப் பாத்து சிரிக்குது!” என்றார் வீட்டுக்காரர். வெல்வெட் துணியை அவரே மடித்து எனக்கு நாற்காலியில் போட்டார்.

உட்கார்ந்தேன். வேதா தமிழ் எழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். முதல் வரியில் இரண்டு இடத்தில் தப்பு விழுந்தது, அழித்தேன். அழிந்தது! டைப்ரைட்டரில் தப்படித்தால் காகிதம் போச்சு. இதில் எத்தனை தப்பு வேண்டுமானாலும் செய்யலாம். ‘செல்லியம்மன் துணை’ என்று அடித்தேன்.

வீட்டுக்காரர் குனிந்து, “என் பேரு வருமா?” என்றார்.

அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ஏ, க, நா, த, ன். “நம்ம பேரு இவ்ளோ நல்லா கீதா!” என்றார். சுப்பராயலு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “எங்க வூட்டுதுல தமிழ் வரல தனக்கோடிம்மா. என் பேரையும் ஒருவாட்டி போடும்மா,” என்றார். போட்டேன். எனக்கு மனசு பூரித்துப்போய்விட்டது.

எல்லோரும் கிளம்பிய பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. விரல் சூடு பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ யோசனை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“தனம்.”

“இன்னா?”

“போர் போட பூ கேட்டியே… அப்ப இன்னா கேட்டே?”

நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

“லாரி வாங்கக் கேட்டப்ப?”

எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் கேட்டேன். ஆனால் அதை அவசரப்பட்டுச் சொல்வானேன்? கொஞ்ச நேரம் தவிக்கட்டுமே.

பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த சம்பந்தத்தின் முகம் வெளுத்தது. “அண்ணி… எனக்குப் பொண்ணு எடுக்கக் கேட்டீங்களே…” என்று இழுத்தான். அவன் பின்னாலேயே அவன் மனைவி அங்காளம்மா கரண்டியோடு வந்து நின்றாள். “இன்னாது, இன்னாது?” என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினான். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“இனிமே அம்மாகிட்ட கேக்கறதுக்கு மின்னாடி உன்னிய கேட்டுக்கறேன்.”

என் விரல் நின்றது. பிறகு, அவர் சொன்னதை அப்படியே அடித்தேன், ஒரு எழுத்துத் தப்பில்லாமல். கீழே ‘ஏகநாதன்’ என்று போட்டேன்.

“படிச்சுப் பாருங்க, சரியா கீதான்னு,” என்றேன்.

விரல் வைத்து முழுக்கப் படித்தார்.

“கீது,” என்றார்.